கூடைப்பந்துக் கோடை முகாமிலிருந்து கல்லூரி விளையாட்டு இடம் வரை

கோடை முகாம் முடியும் நாளில் வழங்கப்படும் பங்கேற்புச் சான்றிதழுக்குக் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் மதிப்பெண் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிள்ளையை முகாமில் சேர்க்கும் பெற்றோர் பலர், அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கல்லூரியில் காட்டினால் போதும் என்று நம்பியிருக்கிறார்கள். அரசு ஒதுக்கீட்டில் கணக்கில் வருவது, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடியதற்கும் வென்றதற்குமான சான்றிதழ். தனியார் கல்லூரிகளிலோ, அங்குள்ள உடற்கல்வி இயக்குநரும் பயிற்சியாளரும் நேரில் பார்க்கும் ஆட்டமே பெரும்பாலும் முடிவைத் தருகிறது. முகாமின் வேலை இவ்விரண்டுக்கும் மாணவரை ஆயத்தப்படுத்துவது: பாடச்சுமை இல்லாத நாட்களில் ஆட்டத்தின் குறைகளைச் சரிசெய்வது, மாவட்ட அணியைத் தேர்ந்தெடுப்பவர்களின் கண்ணில் படுவது, எந்தப் போட்டிக்கு எப்போது பெயர் கொடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது.

இந்தக் காரணத்தால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு முதன்முறையாக முகாமுக்கு வருபவருக்குக் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். சான்றிதழ்கள் சேர இரண்டு மூன்று பள்ளியாண்டுகளாவது வேண்டும் என்பதால், எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் தொடங்குவதே பொருத்தமானது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பின் வரும் நீண்ட விடுமுறையும் நல்ல வாய்ப்புதான். ஆனால் அதைக் கடைசி வாய்ப்பாகக் கருதிக்கொண்டு உழைக்க வேண்டும்.

முகாமைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு கோடையிலும் மாவட்டத் தலைநகரங்களில் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. ஏப்ரல் மாதத்தில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அறிவிப்பு வரும். காத்திருக்காமல் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்கு நேரில் சென்று, மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரின் அலுவலகத்தில் விசாரிப்பது மேல். அந்த ஆண்டு முகாமில் கூடைப்பந்து இடம்பெறுகிறதா என்பதே அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி. எல்லா விளையாட்டுகளும் எல்லா மாவட்டங்களிலும் எல்லா ஆண்டுகளிலும் இருப்பதில்லை. இல்லையென்றால், மாவட்டக் கூடைப்பந்துக் கழகம், கூடைப்பந்து ஆடுகளம் உள்ள தனியார் பள்ளிகள், பக்கத்து மாவட்டமான சேலம் ஆகியவற்றில் விசாரிக்கலாம். கோவை, சென்னை போன்ற நகரங்களில் தங்கிப் பயிலும் முகாம்களும் உண்டு. அவற்றுக்குக் கட்டணம் கூடுதல்.

தனியார் முகாமில் பணம் கட்டுவதற்கு முன், ஒரு மாலைப் பயிற்சியைச் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று முழுவதுமாகப் பாருங்கள். பயிற்சியாளர் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் பெற்றவரா, மாநில அளவில் ஆடியவரா என்று தயங்காமல் கேட்கலாம். அதைவிட முக்கியமாக, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பந்து, எத்தனை கூடை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கூடைக்கு முன்னால் முப்பது பேர் வரிசையில் நின்றால், ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் எறிதல்கள் சொற்பம். அந்த நேரத்தை ஊர்ப் பள்ளித் திடலில் தனியாகச் செலவிட்டாலே கூடுதல் பயன் கிடைக்கும். கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாக விளம்பரத்திலேயே வாக்குக் கொடுக்கும் முகாமை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடம் தருவது கல்லூரியும் கலந்தாய்வுக் குழுவும்தான். முகாம் நடத்துபவர் கையில் அது இல்லை.

ஓசூர்ப் பகுதிக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூரு சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், அங்குள்ள பயிற்சிக் கூடங்களில் பிள்ளைகளைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. பயிற்சி எங்கே பெற்றாலும் தவறில்லை. போட்டிகளில் மட்டும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சார்பிலும், வாய்ப்புக் கிடைத்தால் தமிழ்நாட்டின் சார்பிலும் ஆட வேண்டும். பக்கத்து மாநில அணிக்கு ஆடிப் பெற்ற சான்றிதழைத் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் காட்டி வாதாடும் நிலையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

முகாமுக்கு முந்தைய வாரங்கள்

பள்ளித் திடலில் உள்ள கூடை சரியான உயரத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வளையத்தின் விளிம்பு தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கான கோடு, கூடைப் பலகையின் முகப்பிலிருந்து 4.60 மீட்டர், மூன்று புள்ளி வளைவு கூடைக்கு நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து 6.75 மீட்டர். மண்ணை மேவியும் சிமென்ட் பூசியும் திடலின் தரை உயர்ந்துபோன பள்ளிகளில் வளையம் தாழ்ந்துவிடுகிறது. அங்கே பழகிய கை, முகாமின் சரியான கூடையில் முதல் வாரம் முழுவதும் வளையத்துக்கு எட்டாமலே எறியும். மாணவிகள் பயன்படுத்த வேண்டியது 6-ஆம் எண் பந்து. பள்ளியில் 7-ஆம் எண் பந்து ஒன்றே இருக்கிறது என்பதற்காக அதிலேயே பழகினால், தோளிலிருந்து தள்ளி எறியும் பழக்கம் வந்துவிடும். பிறகு அதை மாற்றுவது கடினம். சிமென்ட் தரைக்கு ரப்பர்ப் பந்து போதும், நெடுநாள் உழைக்கும். காலணி வாங்கும்போது ஓட்டக் காலணியைத் தவிர்த்து, பக்கவாட்டில் திரும்பும்போது பாதத்தைப் பிடித்து நிறுத்தும் கூடைப்பந்துக் காலணியை வாங்குங்கள். ஆடம்பரம் வேண்டாம், அளவு சரியாக இருந்தால் போதும்.

முகாமுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே ஓட்டப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். தேர்வுக்காகப் பல மாதங்கள் உட்கார்ந்திருந்த உடல், முதல் நாளே காலையும் மாலையும் சிமென்ட் தரையில் குதித்தால் கணுக்காலும் முன்னங்காலும் வலிக்கத் தொடங்கும். முதல் வாரத்தை ஓரத்தில் உட்கார்ந்தே கழிக்க நேரும்.

பள்ளியின் உயரமான பையன்

இந்த இரு மாவட்டங்களிலிருந்தும் கல்லூரித் தேர்வுகளுக்குச் செல்லும் மாணவர்கள் பின்தங்குவதற்குத் திறமைக் குறைவைக் காட்டிலும் ஆட்ட நிலைதான் காரணம் என்பது என் கருத்து. ஐந்தடி பதினோரு அங்குல உயரமுள்ள ஒரு பையன் அரூரிலோ ஊத்தங்கரையிலோ உள்ள ஒரு பள்ளியில் படித்தால், அணியில் அவனே உயரமானவன். ஆகவே அவனைச் சென்டர் நிலையில் கூடைக்கு அடியில் நிறுத்திவிடுகிறார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வருவது வேறொருவர் வேலை, தூரத்திலிருந்து எறிவது வேறொருவர் வேலை என்று நான்கைந்து ஆண்டுகள் ஓடிவிடும். பிறகு அவன் சென்னைக் கல்லூரியின் தேர்வுக்குப் போகிறான். அங்கே சென்டராக நிற்பவர்கள் ஆறடி நான்கங்குலமும் அதற்கு மேலும் இருக்கிறார்கள். இவனைப் பார்த்த உடனே பயிற்சியாளர், பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறும் கார்டு நிலையில் ஆடச் சொல்கிறார். எதிராளி நெருக்கி நிற்கும்போது இடக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைக் கடக்க அவனுக்குத் தெரியாது. பத்தே நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

எனவே, முகாமின் முதல் நாளிலேயே உங்கள் உயரத்தைக் காலணி இல்லாமல் அளந்து குறித்துக்கொண்டு, கல்லூரி அணியில் இந்த உயரத்துக்கு எந்த நிலை கிடைக்கும் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். பள்ளியில் எந்த நிலையில் ஆடினாலும், முகாமில் அந்த அடுத்த நிலைக்குரிய பயிற்சியைக் கேட்டு வாங்க வேண்டும். ஆறடிக்குக் குறைவான மாணவர் எவராயினும் இரு கைகளாலும் பந்தைத் தட்டவும், ஓட்டத்திலிருந்து நின்று குதித்து எறியும் ஜம்ப் ஷாட் போடவும், இடப்புறமிருந்து கூடையை நெருங்கி ஓடி இடக்கையால் பந்தை இடும் லே-அப் போடவும் கற்றே ஆக வேண்டும். பயிற்சி ஆட்டங்களில் இதனால் பந்து பறிபோகும், அணியினர் முணுமுணுப்பார்கள். முகாமில் தோற்பதால் எதுவும் குறைந்துவிடாது என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எறிதலைத் தாண்டித் தேர்வாளர்கள் கவனிப்பவை சில உண்டு. கூடையில் பந்தைப் போட்டவுடன் மகிழ்ந்து நிற்காமல் தற்காப்புக்குத் திரும்பி ஓடுகிறாரா, எதிராளியை முதுகால் மறித்து நிறுத்தி, கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுக்கிறாரா, சக ஆட்டக்காரருக்குக் குரல் கொடுத்து எச்சரிக்கிறாரா, தவறான விசிலுக்கு முகம் சுளிக்காமல் அடுத்த ஆட்டத்துக்குப் போகிறாரா என்பனவே அவை. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் பெரியவர்கள் முன்னிலையில் குரல் எழுப்பக் கூசுகிறார்கள். வகுப்பறையில் அது அடக்கமாகத் தெரியலாம். ஆடுகளத்தில் அணிக்குப் புள்ளிகளை இழக்கச் செய்யும். ஃப்ரீ த்ரோவைக் களைத்த நிலையில் பழகுங்கள்: ஆடுகளத்தை இரண்டு முறை முழு வேகத்தில் ஓடிவிட்டு இரண்டு எறிதல், மீண்டும் ஓட்டம், மீண்டும் இரண்டு. நான்காவது கால்பகுதியில் கோட்டில் நிற்கும்போது உடல் அந்த நிலையில்தான் இருக்கும்.

வெயில், தண்ணீர், உணவு

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காலை நேரம் இதமாக இருக்கும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மே மாதம் அப்படி இருப்பதில்லை. திறந்தவெளிச் சிமென்ட் தரை, மாலை ஐந்து மணிக்கும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல், பேச்சுத் தடுமாறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே நிழலுக்குச் சென்று உடலைக் குளிர்விக்க வேண்டும். பேச்சுத் தடுமாறினால் மருத்துவமனைதான். உப்பிட்ட நீர்மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் இரண்டும் போதுமானவை. விலை உயர்ந்த பானங்கள் தேவையில்லை. திடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம். இப்பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டது. வளரும் பருவத்து எலும்புக்கும் பல்லுக்கும் அது கேடு. வீட்டிலிருந்தே குழாய்க் குடிநீரை எடுத்துச் செல்லுங்கள்.

உணவைப் பொறுத்தவரை நம் பகுதிக்கு ஒரு வசதி இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பயிற்சி முடிந்தபின் களியும் கீரைக் குழம்பும், இடையில் வேகவைத்த நிலக்கடலையும் முட்டையும் சாப்பிடும் பிள்ளைக்குப் புரத மாவு டப்பா தேவைப்படாது. பயிற்சிக்குப் போகுமுன் களி வேண்டாம். வயிறு கனத்து ஓட முடியாது. அதற்குப் பதிலாக இரண்டு வாழைப்பழம் போதும்.

கணுக்கால் பிசகினால் அன்றைய ஆட்டத்தை நிறுத்தி, துணி சுற்றிய பனிக்கட்டி வைத்து, காலை உயர்த்தி வைக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. உயரம் வேகமாகக் கூடும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலி வருவது பரவலாகக் காணப்படுவது. குதிப்பதைக் குறைத்தால் தணியும். தணியாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

முகாம் முடிந்த பிறகுதான் சான்றிதழ் சேரும்

முகாம் முடிந்து ஜூனில் பள்ளி திறந்ததும், உடற்கல்வி ஆசிரியரிடம் அந்த ஆண்டின் போட்டி அட்டவணையைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வழி குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று உயர்கிறது; பாரதியார் தின விழாக் குழு விளையாட்டுப் போட்டிகள் இந்த வழியில் வருபவை. அங்கிருந்து இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிக்குப் போகலாம். இரண்டாவது வழி, மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் வயதுப் பிரிவுகளின்படி அணி தேர்ந்தெடுத்து மாநிலப் போட்டிக்கு அனுப்புவது. மூன்றாவது, முதலமைச்சர் கோப்பை. இதற்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கடைசித் தேதியைத் தவறவிட்டால் வேறு வழியில்லை. உங்கள் பள்ளியில் ஐவர் சேராவிட்டால் முதல் வழி அடைபட்டுவிடும் என்பதால், முகாமில் பழகிய பயிற்சியாளர் மூலம் கழக அணியில் இடம் தேடுவது அவசியமாகிறது.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். பெண்கள் அணிக்கு நம் மாவட்டங்களில் பெயர் கொடுப்பவர்கள் குறைவு. எனவே முறையாகப் பயிலும் மாணவிக்கு மாவட்ட அணியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு, அதே திறமையுள்ள மாணவனைவிட அதிகம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பெண்ணுக்குத் திருமணப் பேச்சைத் தொடங்கும் வீடுகளில், விடுதி வசதியுடன் கூடிய ஒரு கல்லூரி இடம் அந்தப் பேச்சைத் தள்ளிவைக்க வலுவான காரணமாக அமைவதையும் சொல்லத்தான் வேண்டும். மாலைப் பயிற்சி முடிந்து பேருந்து கிடைக்குமா என்ற கவலை பெற்றோருக்கு இருந்தால், முகாம் தொடங்குமுன்பே ஒரே தடத்தில் போகும் மாணவிகளைச் சேர்த்து ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஒவ்வொரு சான்றிதழிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை பள்ளி ஆவணத்திலும் ஆதாரிலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று வாங்கிய இடத்திலேயே சரிபாருங்கள். தலைப்பெழுத்து முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும், அப்பா பெயர் விரிவாக ஒன்றிலும் இருப்பது நம்மிடையே மிகச் சாதாரணம். சரிபார்ப்பு நாளில் அதுவே தலைவலியாகும். போட்டியின் பெயர், நடத்திய அமைப்பு, தேதி, இடம், முத்திரை, கையொப்பம் ஆகிய ஆறில் ஒன்று குறைந்தாலும் தாளைத் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்து வாங்குங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்பின் மே மாதம்

இந்த ஒரு மாதத்தில் தேர்வு முடிவு, இணைய விண்ணப்பங்கள், கல்லூரிகளின் நேரடித் தேர்வுகள், கோடை முகாம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு; அவை எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவானவை. பொதுப் பிரிவினர் கணிதம், இயற்பியல், வேதியியலில் சராசரியாக 45 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் பெற்றிருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும் என்பதால், ஆட்டத்தின் பெயரால் பாடத்தை விட்டுவிட இயலாது. விண்ணப்பத்தில் விளையாட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுத்துச் சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும். எந்தப் போட்டிகள், எந்தக் காலத்துக்குள் ஆடியவை ஏற்கப்படும் என்பதை அந்த ஆண்டின் கையேட்டில் பாருங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டு வீரர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும். அழைப்பு வந்த நாளில் அசல் சான்றிதழ்களுடன் நேரில் போக வேண்டும்.

தனியார் கல்லூரிகளுக்கு, உங்கள் உயரம், ஆடும் நிலை, ஆடிய போட்டிகள், மதிப்பெண் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, மூன்று நான்கு நிமிடக் காணொளியுடன் பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகே உடற்கல்வி இயக்குநருக்கு அனுப்பலாம். கூடையில் விழுந்த எறிதல்களை மட்டும் தொகுத்துப் பாட்டுச் சேர்த்த காணொளியைப் பயிற்சியாளர்கள் விரும்புவதில்லை. ஒரு கால்பகுதி ஆட்டத்தை வெட்டாமல் கைப்பேசியில் பதிந்து, உங்கள் சட்டை எண்ணைக் குறிப்பிட்டுச் சேர்த்தனுப்புங்கள். கோடை முகாமின் பயிற்சியாளர் கல்லூரி வட்டாரத்தில் அறிமுகமானவராக இருந்தால், அவர் பேசும் ஒரு தொலைபேசி அழைப்புக்கு அந்தக் காணொளியைவிட எடை அதிகம்.

அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே கல்லூரி விளையாட்டு மூன்று பிரிவுகளாக நடக்கிறது. முதல் பிரிவுக் கல்லூரி அணிகளில் ஆட, குறிப்பிட்ட பதினாறு பள்ளிப் பாடங்களில் நான்குக்கு 2.3 சராசரி தேவை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும், ஐவி லீக் எனப்படும் புகழ்பெற்ற எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதே இல்லை. பஞ்சாபின் சத்னாம் சிங் பதின்பருவத்திலேயே உதவித்தொகையுடன் ஃபுளோரிடா சென்று 2015-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் அணி ஒன்றால் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது உண்மை. அவர் ஏழடிக்கும் மேற்பட்ட உயரம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மாநில அணியில் இடம்பிடிக்காதவர் இதற்காக முகவர்களிடம் பணம் கட்ட வேண்டாம்.

சலுகையை ஏற்கும் முன்

முழு இலவசம் என்று வாய்மொழியாகச் சொல்லப்படுவதை எழுத்தில் கேளுங்கள். கல்விக் கட்டணம் மட்டுமா, விடுதியும் உணவும் சேர்த்தா; எல்லா ஆண்டுகளுக்குமா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா; காயத்தால் ஒரு பருவம் ஆட முடியாவிட்டால் சலுகை தொடருமா; போட்டிக்குச் சென்ற நாட்களுக்கு வருகைப் பதிவு உண்டா என்பவை கேட்க வேண்டியவை. கடைசி இரண்டையும் கேட்கக் கூச்சப்படுபவர்களே இரண்டாம் ஆண்டில் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவரானால், பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. அந்த இடத்தையும் தனியார் கல்லூரியின் விளையாட்டுச் சலுகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன்வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. பாதியில் வேறு அணிக்குப் போய்விடாமல் தடுக்க அவற்றைக் கேட்டு வாங்கிவைக்கும் கல்லூரியாக இருந்தால், சான்றொப்பமிட்ட நகல்களை மட்டும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள்.